ஆளுநரின் கேமராவிலிருந்து அம்மாவின் சாப்பாட்டு மேசை வரை

தைவான் மண்ணில் எடுக்கப்பட்ட முதல் படம் கதைப்படம் அல்ல, ஆவணப்படம். 1907-ல் ஜப்பானியக் காலனி அரசின் ஏற்பாட்டில் தகாமட்சு தோயோஜிரோ என்பவர் தீவு முழுக்கச் சுற்றி அதை எடுத்தார். நகரங்கள், மின்சாரம், ரயில், பள்ளிக்கூடம், வயல், தொழிற்சாலை, மலைவாழ் பழங்குடிகளை அடக்கிய படை நடவடிக்கை எல்லாம் அதில் வந்தன. 1895-ல் கைக்கு வந்த தீவை எவ்வளவு ஒழுங்காக ஆள்கிறோம் என்று ஜப்பானில் இருப்பவர்களுக்குக் காட்டுவதே நோக்கம். அந்தச் சுருள் இன்று நம்மிடம் இல்லை. அதன் பார்வை மட்டும் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் தைவானை விட்டுப் போகவில்லை. கேமரா ஆள்பவர் கையில் இருந்தது. அவர் சொன்ன இடத்தில் ஜனங்கள் நின்றார்கள்.

நான் சிஞ்சு நகரில், குறைக்கடத்திப் பொருட்களை ஆராயும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். இங்கே என்னைப்போல் முனைவர் பட்டத்துக்கும் அதற்குப் பிந்தைய ஆய்வுக்கும் வந்த தமிழர்கள் நிறையப் பேர் உண்டு. எங்களில் பலருக்குத் தைவான் என்றால் சிப், ஆய்வகம், தெருமுனையில் இரவெல்லாம் திறந்திருக்கும் கடை, அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த ஆவணப்பட டிவிடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இந்த ஊரின் மனிதர்கள் எனக்குத் தெரிய ஆரம்பித்தார்கள். கேமரா ஆட்சியாளர் கையிலிருந்து, அதுவரை படம்பிடிக்கப்பட்டவர்களின் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் தைவான் ஆவணப்படத்தின் வரலாறு. அதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

காலனிக் காலத்தில் தனி மனிதர் ஒருவர் கையில் கேமரா இருந்ததற்கு ஒரு சான்று உண்டு. தைனான் பகுதியில் பிறந்து ஷாங்காயில் எழுத்தாளராக விளங்கிய லியு நா-ஓவ், 1933-ல் ‘தி மேன் ஹூ ஹேஸ் எ கேமரா’ என்ற படத்தை எடுத்தார். சொந்த வீட்டு மனிதர்கள், கப்பல் பயணம், ஊர்வலம், டோக்கியோ, கான்டன் நகரக் காட்சிகள் அதில் ஓடுகின்றன. யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் அந்தப் படத்துக்கு இல்லை. வீட்டுக் குழந்தைகள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு கருவியை வாங்க வசதி வேண்டும். லியுவின் குடும்பத்துக்கு அது இருந்தது; ஊருக்கு இல்லை.

1945-ல் ஜப்பான் போய், சீனத் தேசியவாதக் கட்சியான கோமிந்தாங் வந்தது. 1949 மே மாதம் ராணுவச் சட்டம் அமலானது. 1987 ஜூலை 15 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள் அது நீடித்தது. அந்தக் காலத்தில் ஆவணப்படம் என்றால் பெரும்பாலும் அரசும் கட்சியும் ராணுவமும் நடத்திய ஸ்டுடியோக்களின் செய்திப்படம். தலைவர் அணையைத் திறந்துவைப்பார், வீரர்கள் அணிவகுப்பார்கள், விளைச்சல் பெருகும். 1962-க்கும் 1971-க்கும் இடையில் வந்த மூன்று தொலைக்காட்சி நிலையங்களும் அரசு, கட்சி, ராணுவம் ஆகியவற்றின் பிடியில்தான் இருந்தன. என் வீட்டுக்கார அம்மா ஜூடோங்கில் வளர்ந்த ஹக்கா பெண்மணி. சின்ன வயதில் படம் பார்க்கப் போனால் முதலில் தேசியகீதம் போடுவார்கள், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்பார். திரையில் தன் ஊரையோ, தன் வீட்டில் பேசும் ஹக்காவையோ அந்த நாளில் ஒருமுறைகூடப் பார்த்த நினைவு அவருக்கு இல்லை.

அந்த இறுக்கத்துக்கு நடுவில் 1967-ல் ஒரு படம் வந்தது. அமெரிக்காவில், யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த சென் யாவ்-ச்சி எடுத்த ‘லியு பி-ஜியா’. லியு பி-ஜியா பெருநிலச் சீனாவிலிருந்து படையோடு வந்து, ஓய்வு பெற்றபின் கிழக்குக் கரையில் ஹுவாலியன் மாவட்டத்தில் ஆற்றங்கரைக் கல்லை அகற்றி நிலம் திருத்தும் வேலையில் இருந்த சாதாரணச் சிப்பாய். செய்திப்படங்களில் சிப்பாய் என்பவன் அணிவகுப்பின் ஒரு வரிசை மட்டுமே. இங்கே அவர் பெயர் சொல்லிப் பேசுகிறார், கல் சுமக்கிறார், சாப்பிடுகிறார். பெயருள்ள ஒரு சாமானியனைப் படத்தின் நடுவில் நிறுத்தியதே அன்றைக்குப் பெரிய காரியம். பிற்பாடு மானுடவியலாளர் ஹு தாய்-லி அதே மனிதரை அதே ஹுவாலியனில் தேடிப் போய் ‘ஸ்டோன் ட்ரீம்’ என்ற படத்தை 2004-ல் முடித்தார். கூலிக்குக் கல் சுமந்தவர் அங்கேயே குடும்பம் அமைத்து முதுமையடைந்திருந்தார். மகனுக்கோ ஆற்றில் கிடைக்கும் அழகிய ரோஜாக் கற்களைச் சேகரிப்பதில் பெரிய ஆசை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், சீனாவிலிருந்து வந்த ஒரு தலைமுறை தைவானியராக மாறிய கதை, எந்தப் பாடநூலும் சொல்லாத விதத்தில் கண்முன் விரியும்.

1971-ல் ஐக்கிய நாடுகள் அவையில் தைபே அரசு இடம் இழந்தது. சீனா முழுவதும் நம்முடையது என்ற பேச்சு மெல்ல மெல்ல வெறும் பேச்சானபோது, கால் பதித்திருக்கும் தீவு எப்படிப்பட்டது என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். சிறுகதையாளர் ஹுவாங் சுன்-மிங் தயாரித்த ‘ஃப்ராக்ரன்ட் ஃபார்மோசா’ தொலைக்காட்சித் தொடர் அந்தத் திருப்பத்தில் பிறந்தது. அதில் 1975-ல் எடுத்த தாஜியா மாட்ஸு ஊர்வலப் படம் இன்றைக்கும் பார்க்கத் தக்கது. கடல்தெய்வம் மாட்ஸுவின் பல்லக்கோடு பக்தர்கள் நாள்கணக்கில் நடக்கிறார்கள். கேமராவும் அவர்களோடு நடக்கிறது.

ஒளிப்படக் கலைஞர் ஜாங் ஜாவ்-தாங் 1979-ல் எடுத்த ‘தி போட் பர்னிங் ஃபெஸ்டிவல்’ இன்னும் துணிச்சலானது. தைனான் பக்கம் சுச்சுவோ கிராமத்தில், கொள்ளைநோயை விரட்ட, சாமிகளை ஏற்றிய மரக்கப்பலை முழுசாக எரிப்பார்கள். இது காலங்காலமாய் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழா. படத்தில் விளக்க உரையே கிடையாது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டின் இசை மட்டும் ஓட, கப்பல் கட்டுவதிலிருந்து தீ பிடிப்பது வரை பார்த்துக்கொண்டே இருக்கிறோம். எதற்கும் மேலிருந்து ஒரு குரல் பொருள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் குரலை நிறுத்தியது பார்வையாளருக்குக் கொடுத்த மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

ஹு தாய்-லியின் 1993 படமான ‘வாய்சஸ் ஆஃப் ஆர்க்கிட் ஐலண்ட்’ கேமராவையே கேள்வி கேட்டது. தைவானின் தென்கிழக்கே லான்யு என்ற சிறு தீவு. தாவ் பழங்குடியினர் பறக்கும் மீனைப் பிடித்து வாழும் இடம். அங்கே 1982 முதல் அணுக்கழிவு கொண்டுவந்து வைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளோ இடுப்புத்துணி அணிந்த முதியவர்களைக் கேட்காமலே படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெளியாட்கள் வந்து எங்களை ஆராய்வதாலும் படமெடுப்பதாலும் எங்களுக்கு என்ன பயன் என்று தீவுக்காரர்கள் இயக்குநரின் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். அந்தப் பேச்சை வெட்டாமல் படத்தின் தொடக்கத்திலேயே வைத்தார் ஹு தாய்-லி. சில ஆண்டுகளில் பழங்குடியினர் தாங்களே கேமரா எடுத்தார்கள். அமிஸ் இனத்தைச் சேர்ந்த மயாவ் பிஹோ 1997-ல் எடுத்த ‘சில்ட்ரன் இன் ஹெவன்’ குறும்படம், வேலை தேடித் தலைநகர்ப் பக்கம் வந்து சான்யிங் பாலத்தடியில் குடிசை போட்ட அமிஸ் குடும்பங்களைப் பற்றியது. அதிகாரிகள் குடிசையை இடிப்பார்கள், இவர்கள் மறுபடி கட்டுவார்கள். இடிபாட்டில் குழந்தைகள் விளையாடுவார்கள். பல மணி நேரக் கருத்தரங்கு சொல்லாததைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது அந்தப் படம்.

இதற்கெல்லாம் வழி திறந்தது எண்பதுகளின் தெரு. 1986 நவம்பர் 30 அன்று, வெளிநாட்டில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் ஷு ஷின்-லியாங் நாடு திரும்ப முயன்றார். அவரை வரவேற்க தாவ்யுவான் விமான நிலையம் நோக்கிப் போன கூட்டத்தைப் போலீஸ் வழிமறித்தது. மூன்று தொலைக்காட்சிகளும் கூட்டம் கல்லெறிந்ததைக் காட்டின. அங்கே வீட்டு உபயோக வீடியோ கேமராவோடு இருந்த ‘கிரீன் டீம்’ என்ற சிறு குழு, தண்ணீர் பீய்ச்சியதையும் போலீஸ் பக்கத்திலிருந்து கல் வந்ததையும் காட்டியது. வாங் ஜி-சாங், லி சான்-சுங், ஃபு தாவ் ஆகியோர் அந்தக் குழுவின் முன்னோடிகள். ராணுவச் சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. ஒளிபரப்ப நிலையம் கிடையாது. ஆகவே கேசட்டைப் பிரதி எடுத்துப் பொதுக்கூட்டத்திலும் இரவுச் சந்தையிலும் விற்றார்கள். ஒருவர் வாங்கினால் தெருவே கூடிப் பார்க்கும்.

1988 மே 20 அன்று விவசாயிகள் தைபேயில் பேரணி நடத்தி அடிபட்டபோதும் இதே கதைதான். காய்கறி மூட்டைக்கு அடியில் கல்லை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. வேறொரு பார்வையை வீடியோ கேசட் சொன்னது. 1990-ல் ஓய்ந்தபோது கிரீன் டீமிடம் மூவாயிரம் மணி நேரத்துக்கும் மேலான பதிவுகள் சேர்ந்திருந்தன. அவை இன்று தைனான் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் பல, முறையாக வெட்டித் தொகுத்த படங்கள் அல்ல. ஆடுகின்றன, இரைச்சல் அதிகம். ஆனாலும் தைவான் வரலாற்றில் கேமரா கைமாறிய தருணத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் இந்தப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

தெருவுக்கு வந்த கேமரா அடுத்து ஊருக்குள் போய்த் தங்கியது. வூ யி-ஃபெங் 1988-ல் தொடங்கிய ‘ஃபுல் ஷாட்’ பட்டறை, தொண்ணூறுகளின் முதல் பாதியில் நாடெங்கும் போய்ச் சாதாரண மக்களுக்கு ஆவணப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தது. ஆசிரியர், இல்லத்தரசி, சமூகப் பணியாளர் எனப் பலரும் கற்றுக்கொண்டு தங்கள் ஊரைத் தாங்களே எடுத்தார்கள். 1996-ல் தைனானில் ஆவணப்படத்துக்கென்றே முதுகலைப் படிப்பு வந்தது. 1998-ல் பொதுத் தொலைக்காட்சி பிறந்தது. அதே ஆண்டில் தைவான் சர்வதேச ஆவணப்பட விழாவும் தொடங்கியது. ஒரு தொழில் வேர்பிடிக்கத் தேவையான பயிற்சி, பள்ளி, ஒளிபரப்பு, விழா நான்கும் ஒரே பத்தாண்டில் அமைந்தன.

1999 செப்டம்பர் 21, அதிகாலை 1 மணி 47 நிமிடம். நான்டோ மாவட்டம் ஜிஜியை மையமாகக் கொண்ட நிலநடுக்கத்தில் 2,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்திக் கேமராக்கள் வந்தன, சில வாரங்களில் போயின. ஃபுல் ஷாட் குழுவினர் போகவில்லை. ஆளுக்கொரு ஊரில் தங்கினார்கள். வூ யி-ஃபெங் தங்கிய இடம் ஜியூஃபன்னர்ஷான். மலைச்சரிவு அப்படியே பெயர்ந்து வீடுகளைப் புதைத்த இடம். புதைந்தவர்களின் உடலாவது கிடைக்குமா என்று மண் தோண்டும் இயந்திரத்தின் அருகே நாள் முழுக்க நிற்கும் உறவினர்களோடு ‘கிஃப்ட் ஆஃப் லைஃப்’ தொடங்குகிறது. நான்கு குடும்பங்கள். அவற்றில் ஒன்று, குழந்தைகளை ஊரில் பெரியவர்களிடம் விட்டுவிட்டு ஜப்பானில் வேலை செய்துகொண்டிருந்த இளம் தம்பதி. இழந்ததற்குப் பிறகு மறுபடியும் ஒரு குழந்தை பெறலாமா, கூடாதா என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வரை கேமரா கூடவே இருக்கிறது. அந்த நெருக்கம் நான்காண்டு உடனிருப்பால் வந்தது. தன் தந்தையின் முதுமையையும் தன் சோர்வையும்கூட இயக்குநர் படத்துக்குள் கொண்டுவந்தார். 2004-ல் திரையரங்குகளில் வெளியாகி ஒரு கோடி தைவான் டாலருக்கும் மேல் வசூலித்தது. ஆவணப்படத்துக்கு டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கலாம் என்று தைவான் ஜனங்கள் பழகிக்கொண்டது அப்போதுதான்.

அடுத்த ஆண்டே அந்த வரிசையை ‘லெட் இட் பீ’ நீளமாக்கியது. யென் லான்-சுவான், ஜுவாங் யி-செங் இருவரும் தைனான் மாவட்டம் ஹோபி பகுதியில் ஜிங்லியாவ் கிராமத்தில் ஓராண்டுக்கும் மேல் தங்கி எடுத்தார்கள். 2002 ஜனவரியில் தைவான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. வெளிநாட்டு அரிசி உள்ளே வந்தது. தரிசு போட்டால் அரசு உதவித்தொகை தரும். அந்த நிலையிலும் நெல் போடுகிற கிழவர்கள்தான் படம். குன்-பின் தாத்தா வயலில் நின்று வானத்தைப் பற்றியும் விதியைப் பற்றியும் பேசுவார். ஒருவர் எருமையை வீட்டு மனிதரைப்போல் கவனிப்பார். இன்னொருவர் நெல்லோடு சேர்த்துப் பஞ்சு மெத்தைவிரிப்பும் செய்வார், வில்லடித்துப் பஞ்சைப் பரப்பி. காவிரிப் பாசனத்து நெல்வயலில் வளர்ந்தவள் நான். விலை கட்டாது என்று தெரிந்தே அடுத்த போகத்துக்கு விதை எடுக்கிற மனிதரைத் திரையில் பார்த்தபோது, யாரும் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2006-ல் நாடளவிலான நெல் தரப் போட்டியில் குன்-பின் தாத்தாவின் அரிசி முதலிடம் பெற்றது. ஜிங்லியாவுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கின.

இந்த வரிசையில் 2013-ல் வந்த ‘பியாண்ட் பியூட்டி: தைவான் ஃப்ரம் அபவ்’ தனி வகை. ச்சி போ-லின் நெடுஞ்சாலைத் துறையில் அரசு ஊழியர். ஓய்வூதியத்துக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது வேலையை விட்டு, ஹெலிகாப்டரிலிருந்து தீவை முழுவதும் படமெடுத்தார். முதல் பாதி மலை, மேகம், கடல். அதன்பின் சரிந்த சரிவுகள், சுரங்கம், புகைக்கூண்டு, காவ்ஷியுங்கின் ஹோஜின் ஆற்றில் கலக்கும் கழிவுநீர். இருபது கோடி தைவான் டாலருக்கும் மேல் வசூல். படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அந்த ஆற்றுக் கழிவு விஷயத்தில் அதிகாரிகள் ஒரு தொழிற்சாலை மீது நடவடிக்கை எடுத்தார்கள். அடுத்த பாகத்தை அறிவித்த இரண்டாம் நாள், 2017 ஜூன் 10 அன்று, ஹுவாலியனில் ஹெலிகாப்டர் விழுந்து ச்சி போ-லினும் உடன் சென்ற இருவரும் இறந்தார்கள். தாங்கள் வாழும் நிலத்தை முழுதாக ஒருமுறை பார்க்கும் வாய்ப்பைத் தன் மக்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்.

வானத்துக்கு ஏறிய கேமரா வீட்டுக்குள்ளும் நுழைந்தது. ஹுவாங் ஹுய்-ஜென் 2016-ல் முடித்த ‘ஸ்மால் டாக்’ தன் தாயைப் பற்றியது. தாய் தாவோ மரபுச் சாவுச் சடங்குகளில் ஆடிப்பாடி இறந்தவரை வழியனுப்பும் குழுவை நடத்துபவர். மகளும் ஆறு வயதிலிருந்து அந்த வேலைக்குப் போய், பள்ளியைத் தொடர முடியாமல் போனவர். தாய்க்குப் பெண்கள்மீதே காதல். அது ஊருக்குத் தெரியும், வீட்டில் மட்டும் பேச்சு கிடையாது. கணவனின் அடிக்குத் தப்பி மகள்களோடு ஓடிவந்த கதையும் பேசப்படவில்லை. கடைசியில் சாப்பாட்டு மேசையில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்கிறார்கள். கேட்க வேண்டியதை மகள் கேட்கிறாள். நெடுநேரம் தாய் பேசவில்லை. அந்த மௌனத்தை நீட்டிவைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! படம் 2017 பெர்லின் விழாவில் டெடி விருது பெற்றது. 2019 மே 24 அன்று, ஆசியாவில் முதல் நாடாகத் தைவான் ஒருபாலினத் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்யத் தொடங்கியது. சட்டம் வந்த காலத்தில் வீடுகளுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இந்தப் படத்தைவிட நல்ல சாட்சி இல்லை.

என்னை மிகவும் உலுக்கிய படம் சொல்லும் சம்பவம் என் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2017 ஆகஸ்ட் 31 அன்று சிஞ்சு மாவட்டத்தில், முதலாளியிடமிருந்து வெளியேறி ஆவணமில்லாமல் வேலை செய்துவந்த இருபத்தேழு வயது வியட்நாமியத் தொழிலாளியைப் போலீஸ்காரர் ஒருவர் ஒன்பது முறை சுட்டார். ஆயுதம் இல்லாத அவன் தரையில் கிடந்தான். முதலில் வந்த ஆம்புலன்ஸ் காயம்பட்ட இன்னொருவரை ஏற்றிச் சென்றது. ட்ஸாய் சுங்-லுங் 2022-ல் எடுத்த ‘ஒன்பது தோட்டாக்கள்’ போலீஸ்காரரின் உடலில் மாட்டியிருந்த கேமராவின் பதிவையே நம் முன் ஓட்டுகிறது. ஆட்சியின் கையில் இருந்த கேமராவை வாங்கி அந்த ஆட்சியிடமே கேள்வி கேட்பது இது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்கிழக்காசியத் தொழிலாளர்கள் இந்தத் தீவின் ஆலைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் முதியோர் கட்டிலருகிலும் உழைக்கிறார்கள். இஷ்டப்படி முதலாளியை மாற்ற அவர்களுக்கு உரிமை இல்லை. முகவருக்குக் கட்டிய கடன் வேறு. எனக்கும் வெளிநாட்டவர் அட்டைதான். ஆனால் வேலையை மாற்ற நினைத்தால் நான் மாற்றிக்கொள்ளலாம். அதே மாவட்டம், அதே குடிநுழைவு அலுவலகம், இரண்டு விதமான வெளிநாட்டவர். படத்துக்கு அந்த ஆண்டின் கோல்டன் ஹார்ஸ் சிறந்த ஆவணப்பட விருது கிடைத்தது. தன் நாட்டின்மீதே வைக்கப்பட்ட இந்தக் குற்றச்சாட்டுக்குத் தைவானியத் திரையுலகம் தன் உயர்ந்த விருதைக் கொடுத்தது என்பதை நான் மதிக்கிறேன்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. 2014 மார்ச் 18 அன்று மாணவர்கள் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றிய சூரியகாந்தி இயக்கத்தையும் அதன் பின்னான ஏமாற்றத்தையும் சொல்லும் ‘அவர் யூத் இன் தைவான்’ 2018-ல் கோல்டன் ஹார்ஸ் விருது பெற்றது. இயக்குநர் ஃபு யு மேடையில் நின்று, தைவான் தனித்த ஒரு நாடாக மதிக்கப்பட வேண்டும் என்ற தன் விருப்பத்தைச் சொன்னார். மறு ஆண்டு சீன அரசு தன் நாட்டுப் படங்களை அந்த விழாவுக்கு அனுப்பவில்லை. பெரிய சந்தையை இழக்கும் அச்சம் கதைப்படக்காரர்களுக்கு எப்போதும் உண்டு. ஆவணப்படக்காரர்களோ அரசு மானியம், பொதுத் தொலைக்காட்சி நிதி, சொந்தச் சேமிப்பு ஆகியவற்றை வைத்துத் தொடர்ந்து எடுக்கிறார்கள்.

பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் ‘லெட் இட் பீ’. அதன்பின் ‘கிஃப்ட் ஆஃப் லைஃப்’, ‘ஸ்மால் டாக்’. நேரம் இருந்தால் ‘லியு பி-ஜியா’வையும் ‘ஸ்டோன் ட்ரீம்’ படத்தையும் சேர்த்துப் பாருங்கள். ‘ஒன்பது தோட்டாக்கள்’ கடைசியில் இருக்கட்டும். அதை முதலில் பார்த்தால் ஒரு நாட்டின்மேல் கோபம் மட்டும் வரும். குன்-பின் தாத்தாவையும் மலையடிவாரத் தம்பதியையும் அந்தத் தாயையும் மகளையும் அறிந்து, இந்தத் தீவின்மேல் பிரியம் வைத்த பிறகு பார்த்தால், அது எழுப்பும் கேள்வி கோபத்தோடு நின்றுவிடாது. இப்படி அன்பான ஜனங்களின் நடுவே இது எப்படி நடந்தது என்று கேட்க வைக்கும். அந்தக் கேள்வி வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் எந்த ஊருக்கும் பொருந்தும்.